மத்த நாள் வண்டி

புது வண்டியில் முதல் கீறல் விழுந்த நாளில் பலருக்குச் சோறு இறங்காது. எவன் இடித்தான், எங்கே நிறுத்தினோம் என்று வீட்டில் ஒரு வாரம் அதே பேச்சாக இருக்கும். கீறலே விழாத வண்டியில் தாங்களாகவே கீறல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். லாரி, பஸ், ராணுவ டாங்கி, ரயில் எஞ்சின் என்று ஏதாவது ஒன்றைச் சின்ன அளவில் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்வார்கள். பிசிறில்லாமல் பெயின்ட் அடிப்பார்கள். அது காய்ந்ததும் துரு, சேறு, எண்ணெய்க் கறை, வெயிலில் வெளுத்த நிறம் என்று ஒவ்வொன்றாக அதன்மேல் ஏற்றுவார்கள்.

இந்தப் பொழுதுபோக்குக்கு ஸ்கேல் மாடலிங் என்று பெயர். பழசாக்கும் வேலையை வெதரிங் என்பார்கள். வெயிலும் மழையும் தூசியும் மனிதர் கையும் சேர்ந்து ஒரு வண்டிக்குப் பல வருடங்களில் செய்வதை, ஒரு மேஜையில் சில வாரங்களில் செய்து காட்டும் வேலை அது. பார்ப்பவர்களுக்கு வெட்டி வேலையாகத் தெரியலாம். நாமக்கல்லில் ஒரு வீட்டில் அதுதான் ஒரு அப்பாவையும் மகனையும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எதிரெதிரே உட்கார வைத்தது.

ஒரு அடிக்கு அரை அங்குலம்

மகனுக்கு ஐம்பது வயது. வங்கியில் வேலை. அப்பாவுக்கு எழுபத்தெட்டு. பதினெட்டு வருடம் ஒரே லாரியை, சொந்த லாரியை, ஓட்டியவர். அசோக் லேலண்ட் காமெட். நாமக்கல், திருச்செங்கோடு பக்கத்துக்காரர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது. லாரி, ரிக், டேங்கர், முட்டை என்றே ஓடும் பூமி அது. அந்தக் காலத்தில் கம்பெனியிலிருந்து முகப்போடு சேசிஸ் மட்டும் வரும். கேபினையும் பாடியையும் உள்ளூர்ப் பட்டறையில் கட்டுவார்கள். பட்டறைக்குப் பட்டறை கைவேலை மாறும். ஒரே கம்பெனி லாரிகள் இரண்டு அடுத்தடுத்து நின்றாலும் ஒன்று போல ஒன்று இருக்காது.

அதனால் கடையில் கிட் வாங்கி ஒட்டுகிற கதை இங்கே நடக்காது. கடையில் கிடைக்கும் லாரி கிட்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க வண்டிகள். மகன் எல்லாவற்றையும் தானே அளந்து, தானே வெட்டினார். எடுத்துக்கொண்ட அளவு 1/24. கணக்கு சுலபம். நிஜ வண்டியின் ஒவ்வொரு அடிக்கும் மாடலில் அரை அங்குலம். 24 அடி வண்டி ஒரு அடி நீளத்தில் வந்துவிடும்.

சேசிஸுக்கும் கேபினுக்கும் ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட். பாடிப் பலகைக்கு ஐஸ் குச்சி. பின்கதவுச் சங்கிலிக்குக் கவரிங் செயின். டயர், ஒரு பழைய பொம்மை லாரியிலிருந்து கழற்றியது. ஃபெவிக்காலைத் தண்ணீரில் கரைத்து, டிஷ்யூ பேப்பரை நனைத்து, மடிப்பு மடிப்பாக மேலே போட்டால் காய்ந்ததும் தார்ப்பாய். வங்கியிலிருந்து வந்து, சாப்பிட்டு, இரவு ஒன்பதரைக்கு மேஜை விளக்கைப் போட்டால் பதினொன்று வரை அந்த வேலைதான். எட்டு மாதம் ஆனது.

முடிந்த லாரி அழகாகத்தான் இருந்தது. நேஷனல் பெர்மிட் வண்டிக்கு உரிய காய்ந்த இலைப் பழுப்பு நிறம், வெள்ளை பார்டர், நெற்றியில் குலதெய்வத்தின் பெயர், பம்பரில் மாலை, சக்கரத்துக்குக் கீழே மிளகு அளவில் எலுமிச்சம்பழம். அதை எடுத்துப் போய் அப்பாவின் மடியில் வைத்தார்.

அப்பாவுக்குச் சர்க்கரை கண்ணைத் தொட்டு மூன்று வருடமாகிறது. எதிரே இருப்பவர் யார் என்று உருவத்தில் தெரியும். கண், மூக்கு தெரியாது. எதையும் தடவிப் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார். லாரியின் கேபினிலிருந்து பின்கதவு வரை விரலை ஓட்டினார். திரும்பவும் ஒருமுறை ஓட்டினார்.

"ஏண்டா கண்ணு, வழுவழுன்னு இருக்குது?"

"நாலு கோட் பெயின்ட் அடிச்சிருக்கறேனுங்ப்பா."

"அது சரி. இது ஆயுத பூசை அன்னிக்கு நிக்கிற வண்டியாட்டம் இருக்குது. மத்த நாள் வண்டி எங்க?"

மகனிடம் பதில் இல்லை. வீட்டில் அந்த லாரிக்கு இருப்பது இரண்டே இரண்டு போட்டோ. இரண்டும் ஆயுத பூஜை அன்று எடுத்தவை. அப்பா மாதத்தில் இருபத்திரண்டு, இருபத்துமூன்று நாள் ரோட்டில் இருந்தார். ஊருக்கு வந்தாலும் வண்டி புக்கிங் ஆபீஸ் பக்கத்தில் நிற்கும், அவர் வீட்டில் தூங்குவார். கழுவி, சந்தனம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பிள்ளைகளை ஏற்றி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வரும் அந்த ஒரு நாள் லாரிதான் மகனுக்குத் தெரிந்த லாரி. மீதி முந்நூற்று அறுபத்து நாலு நாள் லாரியை அவர் பார்த்ததே இல்லை. மகன் கல்லூரி முடித்த வருடம் அது விலைக்குப் போனது. கொஞ்ச காலத்தில் உடைப்புக்கும் போய்விட்டது.

அழுக்கு ஏற்றியவர்கள்

வெதரிங் என்கிற வார்த்தையை மகன் அதற்கு முன்பே கேள்விப்பட்டிருந்தார். ஆனால் அதை அலங்காரம் என்றுதான் நினைத்திருந்தார். அப்பாவின் கேள்விக்குப் பிறகுதான் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் மான்டரே நகரத்தில் ஜான் ஆலன் என்று ஒருவர் இருந்தார். தொழில்முறைப் புகைப்படக்காரர். நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு அளவில் தன் வீட்டின் கீழ்த்தளம் முழுக்க மலை, பாலம், ஊர், ஸ்டேஷன் என்று ஒரு ரயில் உலகத்தையே கட்டினார். மாடல் ரயில் என்றால் கடையிலிருந்து வந்தது போலப் பளபளக்க வேண்டும் என்று பெரும்பாலோர் நினைத்த காலம் அது. அவர் எஞ்சின்மேல் கரி படிய வைத்தார், சரக்குப் பெட்டியில் துரு ஏற்றினார், கட்டடங்களின் சுவரை வெளுக்க விட்டார். அவர் எடுத்த படங்களைப் பார்த்துத்தான் பலர் தங்கள் ரயில்களை அழுக்காக்கத் தொடங்கினார்கள். ஆள் குறும்புக்காரரும்கூட. பெட்டி இழுக்க எஞ்சினுக்குப் பதிலாக எம்மா என்று ஒரு டைனோசர் பொம்மையை வைத்திருந்தார். 1973 ஜனவரியில் மாரடைப்பில் இறந்துபோனார். சில நாட்களிலேயே வீட்டில் தீப்பிடித்து அந்த ரயில் உலகத்தின் பெரும்பகுதி அழிந்தது. இன்று மிஞ்சியிருப்பவை முக்கியமாக அவர் எடுத்த படங்கள்தான்.

இன்னொரு கதை ஜப்பானின் ஷிசுவோகா நகரத்தில் நடந்தது. 1946-ல் யோஷியோ தாமியா அங்கே ஒரு மரக் கம்பெனி ஆரம்பித்தார். மரத்தில் பொம்மை மாடல்களும் செய்தார்கள். 1951-ல் தீ விபத்து. அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மர வியாபாரத்தை விட்டு மாடல்களே தொழிலானது. 1960-ல் முதல் பிளாஸ்டிக் கிட். 1960-களின் தொடக்கத்தில் மோட்டாரில் ஓடும் பான்தர் டாங்கி ஒன்றைச் செய்தார்கள். உள்ளே மோட்டாரும் பேட்டரியும் அடங்கும்படி உடம்பின் அளவை வைத்துக்கொண்டார்கள். பிறகு கணக்குப் பார்த்தால் அது நிஜ டாங்கியில் 35-ல் ஒரு பங்கு. பேட்டரிக்காக வந்த அந்த 1/35 தான் இன்று ராணுவ வண்டி மாடல்களுக்கு உலகம் முழுக்க வழக்கமான அளவு. கம்பெனியை உலகறியச் செய்தவர் யோஷியோவின் மகன் ஷுன்சாகு தாமியா. 2025-ல் தொண்ணூறு வயதில் காலமானார்.

ராணுவ வண்டி செய்பவர்களிடமிருந்துதான் இன்றைய வெதரிங் முறைகளில் பல வளர்ந்தன. அவர்கள் அடிக்கடி சொல்லும் விஷயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். காரணம் தெரியாமல் துரு வைத்தால் அது வெறும் பெயின்ட். தண்ணீர் எங்கே தேங்கும், கை எங்கே படும், கால் எங்கே மிதிக்கும், எது எதோடு உரசும் என்று தெரிந்து வைத்தால்தான் பார்ப்பவர் நம்புவார். இரும்பு துருப்பிடிக்கும், அலுமினியம் பிடிக்காது; சாம்பல் வெள்ளையாகப் பூக்கும். மரம் வெளுத்து வெடிக்கும். புதுத் துரு ஆரஞ்சு. பழைய துரு காப்பிக்கொட்டை நிறம்.

காரணம் எல்லாம் ஒரே ஒருவரிடம்தான் இருந்தது. அவருக்கும் இப்போதெல்லாம் ஊர்ப்பெயர்கள் கலந்துவிடுகின்றன. சில நாள் சோலாப்பூரை நாக்பூர் என்கிறார். மகன் ஒரு நோட்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடிந்ததும் அப்பாவின் கட்டிலுக்கு எதிரே முக்காலி போட்டு உட்கார்ந்தார்.

இடப்பக்கம் ஏன் அத்தனை சேறு?

முதல் ஞாயிறே மகனுக்கு ஒரு பாடம் கிடைத்தது. வண்டியின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பழசாகாது.

"அப்ப ரோடு ஒத்தை ரோடு கண்ணு. நடுவுல ஒரு வண்டி போற அளவுக்குத்தான் தாரு. எதுக்கால வண்டி வந்துச்சுன்னா ரெண்டு பேரும் இடப்பக்கச் சக்கரத்த மண்ணுல எறக்கோணும். எறக்கி ஏத்தி, எறக்கி ஏத்தியே போவோம். இடப்பக்க மட்கார்டு பாத்தீன்னா எந்நேரமும் சேறுதான். வேலா முள்ளு கிழிச்ச கோடு வேற."

"வலப்பக்கமுங்ப்பா?"

அப்பா சிரித்தார். அடுக்களையிலிருந்து அம்மாதான் பதில் சொன்னார்.

"வலப்பக்கம் வெத்தல எச்சித்தான். கதவு பூராம் செவப்புக் கோடா இருக்கும். காறித் துப்பற மனுசன் கொஞ்சம் எட்டித் துப்பக் கூடாது?"

வெற்றிலைக் கறையை எப்படிச் செய்வது என்று வெதரிங் புத்தகம் எதுவும் சொல்லித் தராது. மகன் எண்ணெய்ப் பெயின்டில் சிவப்பும் பழுப்பும் கலந்து, ஜன்னலுக்குக் கீழே ஒரு புள்ளி வைத்து, டர்பன்டைனில் நனைத்துப் பிழிந்த பிரஷ்ஷால் கீழே இழுத்தார். மழைத் தண்ணீர் இறங்கிய கோட்டை மாடல்காரர்கள் இப்படித்தான் செய்வார்கள். புள்ளி வை, இழு, மறைய விடு. கோடு கீழே போகப்போக மங்க வேண்டும். காற்றில் பறந்த எச்சில் பின்பக்கமாகச் சாய வேண்டும் என்று அப்பா திருத்தினார். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதுதானே துப்புவார்!

பெயின்டுக்கும் ஒரு சரித்திரம் இருந்தது. முதல் நாலு வருடம் அது பச்சை வண்டி. நேஷனல் பெர்மிட் எடுத்தபோதுதான் பழுப்பு நிறத்துக்கு மாறியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு எஃப்.சி.க்கும் பழைய பெயின்டின்மேலேயே புதுப் பெயின்ட். அப்படியானால் ஒரு இடத்தில் பெயின்ட் உரிந்தால் முதலில் பச்சை தெரியும், அதற்குக் கீழே ரெட் ஆக்ஸைடு, அதற்கும் கீழே இரும்பு.

இதற்கு மாடல்காரர்கள் வைத்திருக்கும் வழி வேடிக்கையானது. தலைமுடிக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரே. முதலில் துரு நிறம் அடித்துக் காயவிட வேண்டும். அதன்மேல் வார்னிஷ். அதன்மேல் ஹேர் ஸ்பிரே. அதன்மேல் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்டில் வண்டியின் நிறம். காய்ந்ததும் உரிய வேண்டிய இடத்தைத் தண்ணீரால் நனைத்து முரட்டு பிரஷ்ஷால் தேய்த்தால், அடியிலிருக்கும் ஹேர் ஸ்பிரே கரைந்து மேல் பெயின்ட் செதில் செதிலாகக் கழன்றுவரும். உரிவது நிஜமான பெயின்ட் என்பதால் விளிம்பும் நிஜமாகவே இருக்கும். பச்சைக்கு ஒருமுறை, பழுப்புக்கு ஒருமுறை என்று மகன் இரண்டு அடுக்கு போட்டார். எட்டு மாதம் உழைத்து வழவழப்பாக்கிய வண்டியின்மேலேயே ரெட் ஆக்ஸைடையும் துருவையும் அடிக்கும்போது மருமகள் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் எழுந்து போய்விட்டாராம்.

தேய்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு இடத்தையும் அப்பாவிடம் கேட்டுக்கொண்டார். கேபினில் ஏற மிதிக்கும் படியின் நடுப்பகுதி. கதவுக் கைப்பிடியைச் சுற்றி நகம் படும் இடம். கயிறு கட்டும் கொக்கிகளின் கழுத்து. பின்கதவைத் திறந்து விடும்போது சங்கிலி வந்து அடிக்கும் இடம். லோடு ஏற்றுபவர்கள் கால் ஊன்றும் டயரின் மேல் விளிம்பு. ரொம்பத் தேய்ந்து இரும்பு பளபளக்கும் இடங்களில் பென்சில் கரியை விரலால் தேய்த்தார். அசல் இரும்பு போலவே மின்னியது.

"டீசல் டேங்க் மூடிக்குக் கீழ கருப்பா ஒரு எறக்கம் இருக்கும் பாரு. அதுல தூசி போய் ஒட்டிக்கும். தொடச்சாலும் போவாது. அத வெச்சியா?"

"வெச்சிட்டேனுங்ப்பா. மேல கொஞ்சம் கிளாஸ் வார்னிஷ் குடுத்து ஈரமாட்டத் தெரியற மாதிரி."

"ம்."

அந்த 'ம்' வாங்குவதற்கே சில வாரங்கள் ஆயின.

தூசிக்கு ஊர் உண்டு

மாடல்காரர்கள் பிக்மென்ட் என்று ஒரு பவுடர் விற்கிறார்கள். சின்ன பாட்டிலில் தூசி. பாலைவன மணல், ஐரோப்பிய மண், காய்ந்த சேறு என்று பெயர் போட்டிருக்கும். தபாலில் வந்த பார்சலைப் பிரித்து, விலையைப் பார்த்து, அம்மா கேட்டார்:

"ஏஞ் சாமி, அந்தக் காலத்துல காசு குடுத்து ஆள் வெச்சு வண்டி அழுக்கக் கழுவுனோம். நீ காசு குடுத்து அழுக்கு வாங்கறியா?"

வாங்கிய மண் எதுவும் ஒத்துவரவில்லை. அப்பாவின் லைன் வடக்கே. சேலத்து ஜவ்வரிசியை ஏற்றிக்கொண்டு அப்போதைய என்.எச்.7-ல், இப்போதைய 44-ல், பெங்களூர் தாண்டி, அங்கிருந்து பிரிந்து மகாராஷ்டிரா. திரும்பி வரும்போது பெரும்பாலும் வெங்காயம். விரத நாட்களில் மகாராஷ்டிரக்காரர்கள் ஜவ்வரிசி உப்புமா செய்து சாப்பிடுவதால் அந்த லோடுக்கு எப்போதும் கிராக்கி இருந்தது. நாமக்கல்லில் கிளம்பும்போது செம்மண் தூசி. சோலாப்பூர்ப் பக்கம் கரிசல். மழையில் கரிசல் ஒட்டினால் பிசின் மாதிரி. காய்ந்தால் சாம்பல் நிறத்தில் ஓடு ஓடாக உதிரும்.

அப்படியானால் சக்கரத்துக்குப் பின்னால் கரிசல் அடியில், செம்மண் மேலே. வண்டி ஊர் திரும்பிவிட்டது என்று அர்த்தம். செம்மண் அடியில், கரிசல் மேலே என்றால் இன்னும் மகாராஷ்டிராவிலேயே இருக்கிறது. எந்த நாள் வண்டியைச் செய்வது?

"ஊருக்கு வந்த வண்டியவே செய்யி" என்று அம்மா முந்திக்கொண்டார்.

செம்மண்ணை மகன் வீட்டுக்குப் பின்னாலேயே எடுத்துச் சலித்தார். சாதாரணச் சல்லடை போதாது. 1/24 அளவில் ஒரு மில்லிமீட்டர் மணல், நிஜத்தில் 24 மில்லிமீட்டர் ஜல்லிக்குச் சமம். துணியில் கட்டித் தட்டி, மாவுபோல விழுவதை மட்டும் எடுத்துக்கொண்டார். கரிசலை உடன் வேலை பார்ப்பவர் ஒருவர் கோவில்பட்டியிலிருந்து ஒரு டப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார். பாடியின் உட்பக்கம், பலகை இடுக்குகளில் மட்டும் வெள்ளையாகக் கொஞ்சம் பவுடர். அது ஜவ்வரிசி மாவு. பல வருடம் சிந்தியது எவ்வளவு கழுவினாலும் இடுக்கை விட்டுப் போகாதாம்.

கடைசி இரண்டு வருடத்தில் தூத்துக்குடி உப்பும் ஏற்றியிருக்கிறார் அப்பா. வேறு லோடு கிடைக்காத காலம். "உப்பு ஏத்துன வண்டி உள்ள இருந்து அழுவும் கண்ணு. வெளிய ஒண்ணும் தெரியாது. ஒருநாள் தட்டுனா பொலபொலன்னு கொட்டும்." உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், ஈரமும் காற்றும் உப்பும் சேர்ந்தால் இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். மகன் பெயின்டில் சமையல் சோடாவைக் கலந்து பாடியின் கீழ்ச்சட்டத்தில் தடவினார். காய்ந்ததும் சொரசொரவென்று உப்பிய துரு. அப்பாவின் கையை எடுத்து அதன்மேல் வைத்தார். அப்பா அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் விரலை வைத்திருந்தார்.

"அந்த உப்பு லோடு எடுத்திருக்கப்படாது" என்றார். "உன்ற ரெண்டாம் வருச பீஸு கட்டோணும்னு எடுத்தது."

மகன் அதை அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. நோட்டில் அந்த வாரத்துப் பக்கத்தில் 'கீழ்ச்சட்டம், உப்பு, துரு' என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

வைக்காத ஒரு நசுங்கல்

மகனுக்குத் தன் நினைவிலிருந்தே ஒரு இடம் தெரியும். கேபினின் இடது முன் மூலையில் ஒரு நசுங்கல். பட்டறையில் தட்டி நிமிர்த்திய பிறகும், பூஜை அன்று பெயின்ட் அடித்து நின்றபோதும், வெயில் ஒரு பக்கமாக விழுந்தால் அந்த இடம் மட்டும் அலைபோலத் தெரியும். இரண்டு போட்டோவில் ஒன்றிலும் அது இருக்கிறது. சின்ன வயதில் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறார். மாடலில் அந்த மூலையைச் சூடு காட்டி லேசாக அமுக்கினால் ஒரு நிமிட வேலை.

"முன் மூலையில ஒரு நெளிசல் இருக்குமேங்ப்பா, அதையும் வெச்சிரட்டுங்ளா?"

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அது வேண்டாம். அத விட்டுரு."

"சரிங்ப்பா."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அம்மாவிடமும் மகன் கேட்கவில்லை. ஒவ்வொரு கறைக்கும் காரணம் வேண்டும் என்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் சட்டம். காரணம் இருந்தும் வைக்காமல் விடுவதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. அந்த மூலை மட்டும் இன்றும் நேராகவே இருக்கிறது. போட்டோவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் யாராவது கேட்டால், சரியாக வரவில்லை என்று சொல்லிக்கொள்வார்.

தொடக் கூடாத பொருள்

வெதரிங் செய்து முடித்த மாடலை யாரும் தொட விடமாட்டார்கள். பிக்மென்ட் என்பது வெறும் பவுடர். ஒயிட் ஸ்பிரிட் விட்டு ஒட்ட வைத்தாலும் விரல் பட்டால் தூசி விரலோடு வந்துவிடும். மேலே மேட் வார்னிஷ் அடித்தால் நிற்கும்தான். ஆனால் வார்னிஷ் பட்டதும் தூசியின் நிறம் கறுத்து, பாதி தூசி காணாமல்போன மாதிரி ஆகிவிடும். அதனால்தான் போட்டிகளில் மாடல்கள் கயிற்றுக்கு அப்பால் இருக்கும். வீடுகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். கண்ணால் பார்ப்பதற்கென்றே செய்யப்படும் பொருள் அது.

இந்த லாரியைப் பார்க்க வேண்டியவரோ கையால் பார்ப்பவர்.

மகன் இரண்டு வாரம் வேலையை நிறுத்தி யோசித்தார். கண்ணாடிப் பெட்டி செய்ய அளவுகூட எடுத்துவிட்டார். கடைசியில் பெட்டியை விட்டுவிட்டார். தூசிக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்தார். நிறம் கறுத்தது. அதன்மேல் கொஞ்சம் வெளிர் நிறத்தில் இன்னொரு அடுக்கு தூசி, திரும்பவும் வார்னிஷ் என்று ஏற்றி, ஓரளவுக்குப் பழைய நிறத்தைக் கொண்டுவந்தார். மாடல் செய்பவர்கள் பார்த்தால், தூசி கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது என்று குறை சொல்வார்கள். சொல்லட்டும் என்றுவிட்டார். ஹெட்லைட்டுக்கு மேலே பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் பாதி கரைந்து மங்கியிருப்பதுபோல ஒரு கறையைக் கடைசியாக வைத்தார். மத்த நாள் வண்டியிலும் அந்த ஒரு நாளின் மிச்சம் இருக்குமல்லவா!

முடிந்த லாரியை அப்பாவின் மடியில் வைத்த ஞாயிறு, வீட்டில் எல்லோரும் கூடிவிட்டார்கள். அப்பா அவசரப்படவில்லை. படியைத் தொட்டார். கைப்பிடியைத் தொட்டார். கொக்கிகளை ஒவ்வொன்றாக எண்ணினார். கீழ்ச்சட்டத்துச் சொரசொரப்பில் விரல் போய்த் திரும்பியது. பிறகு வலப்பக்கக் கதவின் ஜன்னல் விளிம்பில் கட்டை விரலை வைத்தார். ஓட்டும்போது முழங்கையை ஊன்றிக்கொள்ளும் இடம். அங்கே மகன் பெயின்டைத் தேய்க்காமலேயே விட்டிருந்தார். கேட்க விட்டுப்போன இடம் அது ஒன்றுதான்.

"இந்த எடம் தேஞ்சிருக்கோணும்" என்றார் அப்பா.

"பிரஷ் எடுத்தாரட்டுங்ளாப்பா?"

"எதுக்கு? இருக்கட்டும்."

லாரி இப்போது அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், மாத்திரை டப்பாவும் ரேடியோவும் இருக்கும் ஸ்டூலின்மேல் நிற்கிறது. அப்பா மத்தியானம் ரேடியோ கேட்கும்போது லாரியை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். கட்டை விரல் தானாகவே அந்த ஜன்னல் விளிம்புக்குப் போகும். சில மாதங்களிலேயே அந்த இடத்தில் வார்னிஷ் போய், பழுப்பு போய், பச்சை தெரிய ஆரம்பித்துவிட்டது. ஹேர் ஸ்பிரேயும் இல்லை, பிரஷ்ஷும் இல்லை. மகன் அதைத் தொடவில்லை. நோட்டில் மட்டும் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறார்.

நோட்டில் இன்னும் பாதிப் பக்கங்கள் வெள்ளையாக இருக்கின்றன. லாரி முடிந்துவிட்டது என்றாலும் ஞாயிற்றுக்கிழமை முக்காலி இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. இப்போது ஓடுவது கிளீனர் பையன்களின் கதை. இரண்டே முக்கால் அங்குல உயரத்தில், தோளில் கயிற்றுச் சுருளோடு ஒரு பையனைச் செய்து வண்டிப் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்பது அடுத்த திட்டம். அப்பாவிடம் மொத்தம் ஆறு பையன்கள் இருந்திருக்கிறார்கள். யாரைச் செய்வது என்பதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

போன மாதம் மருமகள் வீடு கூட்டித் துடைக்கும்போது ஈரத் துணியோடு ஸ்டூல் பக்கம் வந்தார். லாரியின் கேபின் கூரையில் தூசி.

"ஏனுங், இதுல எது நீங்க வெச்ச தூசி, எது நம்ம வீட்டுத் தூசி? தொடைக்கறதா, வேண்டாமா?"

மகன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தனக்கே தெரியவில்லை என்றார்.

கட்டிலிலிருந்து அப்பாதான் சொன்னார்:

"விடு அம்மிணி. வண்டின்னா அப்பிடித்தான்."